மலையை வெட்டும் வரிசை: நடப்புக் கல்குவாரிகளில் மண்ணும் மரமும்

கல்குவாரிக்கு அனுமதி கேட்டுத் தாக்கலாகும் சுரங்கத் திட்டங்களில் மரம் நடுவது பற்றிய பகுதி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் வரும். எல்லையோரத்தில் ஆண்டுக்கு இத்தனை கன்று, வேம்பு, புங்கன் என்று ஓர் அட்டவணை. அதற்கு ஒரு செலவுத் தொகை. கல் எந்த வரிசையில் வெட்டப்படும், மேல்மண் எங்கே போகும், மழைநீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பவை எல்லாம் வேறு அத்தியாயங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இல்லாதது போலத் திட்டம் எழுதப்படுகிறது.

மலைச்சரிவுக் குவாரியைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினைதான் முதல் தவறு. அங்கே மறுபடி மண் தங்குமா, மரம் பிடிக்குமா என்பதை நாற்றங்கால் தீர்மானிப்பதில்லை. வெட்டும் வரிசைதான் தீர்மானிக்கிறது. குவாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்காத மீட்புப் பணி, குவாரி மூடிய பிறகு பொதுப் பணத்தில் நடக்கும். இல்லையென்றால் நடக்கவே நடக்காது. இதற்குத் தெளிவான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது: உத்தராகண்டின் டூன் பள்ளத்தாக்கு.

குழியும் சரிவும்

சமதரையில் தோண்டிய குவாரிக்கும் மலைச்சரிவில் வெட்டிய குவாரிக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. தரைக்குவாரி முடிந்தபின் ஒரு பள்ளம் மிஞ்சும். அதில் தண்ணீர் நிற்கும். சென்னையை ஒட்டிய சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் 2017 வறட்சியின்போது மாநகரத்துக்குக் குடிநீர் தந்தன. மலைச்சரிவில் அந்த வாய்ப்பு கிடையாது. வேலை முடிந்தபின் அங்கே நிற்பது செங்குத்தான ஒரு பாறை முகம்; அதன் காலடியில் தள்ளிவிடப்பட்ட கசடு; அதற்குக் கீழே ஓடை, ஓடைக்குக் கீழே வயலும் ஊரும். மேலே தளர்ந்து கிடக்கும் எதுவும் ஏதாவதொரு மழையில் கீழே வந்தே தீரும்.

இந்த இடத்தில் மூன்று இழப்புகள் ஒன்றாக நிகழ்கின்றன. பாறை இடுக்குகளில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மெல்லிய மண் போய்விடுகிறது. மலைமேல் விழுந்த மழை இறங்கிவந்த பழைய நீர்வழி அறுபடுகிறது. அந்த மண்ணோடு அதில் உறங்கிக் கிடந்த விதைகளும் நுண்ணுயிர்களும் அழிகின்றன. மிஞ்சும் கல் உடைசலில் நைட்ரஜன் அநேகமாக இல்லை. பாறைப் பொடியில் நைட்ரஜன் பிறக்காது. காற்றிலிருந்து பிடித்துத்தரும் பயறு இனச் செடிகளோ, அவை உதிர்க்கும் சருகோ வேண்டும். சிதைந்த நிலங்களை மீட்கும் அறிவியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்டனி பிராட்ஷா இதை விரிவாகக் காட்டினார். எம். ஜே. சாட்விக்குடன் சேர்ந்து 1980இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் மூல நூல்களில் ஒன்று. கன்று நடுவதற்கு முன் மண் செயல்படத் தொடங்க வேண்டும் என்பதே அந்த மரபின் சாரம்.

டூன் பள்ளத்தாக்கு: தள்ளிப்போட்டதன் விலை

டூன் பள்ளத்தாக்கை ஒட்டிய முசோரி மலைத்தொடரில் கிடைப்பது உயர்தரச் சுண்ணாம்புக்கல். சர்க்கரை ஆலை முதல் எஃகு ஆலை வரை அதற்குத் தேவை இருந்தது. 1962 வாக்கில் இருபது ஆண்டுகளுக்குக் குத்தகைகள் கொடுக்கப்பட்டன. மலைமுகத்தை வெடிவைத்துச் சரித்து, நல்ல கல்லைப் பொறுக்கி லாரியில் ஏற்றிவிட்டு, மிச்சத்தைச் சரிவிலேயே தள்ளினார்கள். அந்தச் சுண்ணாம்புப் பாறை வெறும் கல் மட்டும் அன்று. வெடிப்புகளும் துளைகளும் நிறைந்த அது மழைநீரைத் தேக்கி ஊற்றுகளாக வெளிவிடும் நீர்த்தாங்கியும்கூட. ஆகவே கல் குறையக் குறைய ஊற்றுகளும் வற்றின. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் அந்தச் சரிவுகளிலிருந்து கசடு இறங்கி ஓடைப்படுகைகளை மேடாக்கியது; சாலைகளையும் வயல்களையும் மூடியது.

1983இல் டேராடூனைச் சேர்ந்த கிராமப்புற வழக்கு மற்றும் உரிமை மையம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் மனுவாக ஏற்கப்பட்டது. சுற்றுச்சூழல் தொடர்பாக உச்ச நீதிமன்றம் விசாரித்த தொடக்ககாலப் பொதுநல வழக்குகளில் இது முதன்மையானது. நீதிமன்றம் அமைத்த பார்கவ் குழு குவாரிகளைப் பாதிப்பின் அளவுப்படி அ, ஆ, இ என மூன்று வகையாகப் பிரித்தது. 1985 மார்ச் 12ஆம் தேதி ஆணையின்படி மிக மோசமான இ வகைக் குவாரிகள் நிரந்தரமாக மூடப்பட்டன. 1988 ஆகஸ்ட் தீர்ப்பில் மூன்று குவாரிகள் தவிர மற்றவை நிறுத்தப்பட்டன. அந்த மூன்றும் கண்காணிப்புக் குழுவின் மேற்பார்வைக்கு வந்தன. வேலை இழந்த தொழிலாளர்களைக் காடு வளர்ப்பு, மண் பாதுகாப்புப் பணிகளில் முடிந்தவரை அமர்த்தவும் நீதிமன்றம் சொன்னது.

இதற்கு முன்பே, 1982இல், முன்னாள் படைவீரர்களைக் கொண்டு பிராந்தியப் படையின் 127ஆவது சூழல் பட்டாலியன் டேராடூனில் அமைக்கப்பட்டு, முசோரி மலைகளில் மரம் நடும் வேலை அதனிடம் கொடுக்கப்பட்டிருந்தது. கல் எடுத்து லாபம் பார்த்தவர்கள் தனியார் குத்தகைதாரர்கள். மலைக்கு மண் சுமந்தவர்கள் அரசுச் சம்பளம் வாங்கிய வீரர்கள். மீட்பைத் தள்ளிப்போட்டால் செலவு யார் தலையில் விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

சகஸ்ரதாராவில் செய்தது என்ன?

டேராடூனை அடுத்த சகஸ்ரதாராவில் 64 ஹெக்டேர் பரப்புள்ள சிதைந்த சுண்ணாம்புக் குவாரிப் பகுதியை மத்திய மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் கையில் எடுத்தது. அவர்கள் வேலை செய்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மரம் நடவில்லை; முதலில் நீரைக் கையாண்டார்கள்.

ஓடையின் தலைப்பிலிருந்து கீழ்நோக்கித் தடுப்புகள் போடப்பட்டன. கசடு நகரும் சரிவில் சிமெண்டுச் சுவர் நில்லாது. அடியில் மண் அசைந்தால் விரிசல் விட்டு உடையும். அதனால் கம்பிவலைக் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கும் முறையைத் தேர்ந்தார்கள். நிலம் சற்று இறங்கினால் அந்தக் கூடையும் வளைந்து இறங்கும், ஆனால் உடையாது. நீரை வழியவிட்டுக் கல்லை மட்டும் பிடித்துவைக்கும். ஒரு தடுப்புக்குப் பின்னால் கசடு நிரம்பியதும் அங்கே சரிவு தணிந்து ஒரு சிறு தட்டு உருவாகிறது. அந்தத் தட்டுதான் முதல் நடவு மேடை.

கரைகளில் நொச்சி, நாணல் வகை, நேப்பியர் புல், நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவற்றின் தண்டுகளை ஊன்றினார்கள். வேர்விடும் தண்டு என்பதால் நாற்று தேவையில்லை. ஆடுமாடுகள் விரும்பி மேயாதவற்றுக்கு வேலிக்காவலும் அவ்வளவாகத் தேவையில்லை. செங்குத்தான கசடுச் சரிவுகளில் சணல் வலையை விரித்து முளையடித்து, அதன் கண்களுக்கிடையே புல்லையும் செடியையும் நட்டார்கள். சணல் சில ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் வேர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு.

ஏறத்தாழப் பத்தாண்டுகளில் கிடைத்த பலனை அந்த நிறுவனத்தின் அளவீடுகள் சொல்கின்றன. தாவரப் போர்வை 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தது. பருவமழையில் வழிந்தோடிய நீரின் பங்கு 57 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 550 டன்னாக இருந்த கசடு வெளியேற்றம் பத்து டன்னுக்கும் கீழே வந்தது. மழை ஓய்ந்தபின் 60 நாள் ஓடிக்கொண்டிருந்த ஓடை 240 நாள் ஓடத் தொடங்கியது. மரங்களின் எண்ணிக்கையைவிட இந்தக் கடைசி எண்ணே முக்கியமானது. கீழே உள்ள ஊருக்குத் தேவை தண்ணீர்.

ஆனால் இந்த வெற்றிக்குள் ஒரு பாடம் இருக்கிறது. மேற்சொன்ன தடுப்புகளில் பெரும்பகுதி, கசடைச் சரிவில் தள்ளாமல் இருந்திருந்தால் தேவைப்பட்டே இராது.

வெட்டும் வரிசை

நடப்புக் குவாரியில் செய்யக்கூடியது இங்கேதான் தொடங்குகிறது. கல்லைப் படிப்படியாக, பெஞ்ச் பெஞ்சாக வெட்ட வேண்டும் என்பது சுரங்கப் பாதுகாப்பு விதி. தமிழ்நாட்டுக் குவாரித் திட்டங்களில் வழக்கமாகக் காண்பது 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்ற அளவு. தாளில் அப்படி இருந்தாலும் களத்தில் பல இடங்களில் ஒரே செங்குத்துச் சுவர்தான் நிற்கிறது. 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் குவாரிக்குள் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். பெஞ்ச் என்பது உயிர்ப் பாதுகாப்பு. பிற்பாடு மண் தங்குவதற்கு இருக்கும் ஒரே இடமும் அதுதான். இரண்டு காரணங்களும் ஒரே வடிவத்தைக் கேட்கின்றன.

படி இருந்தால் மட்டும் போதாது, மேலிருந்து கீழே வர வேண்டும். லாரி வரும் வழி அடிவாரத்தில் இருப்பதால் அங்கேயே தொடங்கி மலையைக் குடைந்துகொண்டு போவது எளிது, செலவும் குறைவு. அப்படிச் செய்தால் உச்சிப் பெஞ்ச் என்றைக்கும் முடிவான நிலைக்கு வராது; கீழே வெட்ட வெட்ட மேலே உள்ளது நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் எதையும் நட முடியாது. உச்சியிலிருந்து தொடங்கினால் முதல் பெஞ்ச் முதலிலேயே இறுதி எல்லையை எட்டிவிடும். கீழே ஐந்தாவது பெஞ்சில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது மேலே முதல் பெஞ்சில் செடிகளுக்குச் சில வயது ஆகியிருக்கும். அங்கே எது பிழைக்கிறது, எது கருகுகிறது என்று பார்த்து அடுத்த பெஞ்சில் திருத்திக்கொள்ளலாம். மூடியபின் ஒரே மூச்சில் நடும் திட்டத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை.

ஒரு பெஞ்சை அருகில் போய்ப் பார்த்தால் சின்ன விஷயங்கள் எவ்வளவு பெரியவை என்பது புரியும். துளைபோடுபவர்கள் பெஞ்சின் அடிமட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதல் ஆழத்துக்குத் துளை இறக்குவார்கள். அப்போதுதான் அடிக்கல் மிச்சமின்றிப் பெயரும். அதனால் பெஞ்சின் தரைக்குக் கீழேயும் பாறை நொறுங்கியிருக்கும். வேருக்கு ஈரமும் பிடிமானமும் கிடைப்பது அந்த விரிசல்களில்தான். இயந்திரங்கள் ஓடி ஓடி அதன்மேல் கல்பொடி இறுகித் தார்ச்சாலை மாதிரி ஆகியிருக்கும். நடவுக்கு முன் அதைக் கீறிவிட வேண்டும். பெஞ்சின் தரையை மலைப்பக்கம் சற்றே சரித்துவிட்டால் மழைநீர் சுவரின் அடியில் தேங்கி விரிசலுக்குள் இறங்கும். வெளிப்பக்கம் சரிந்திருந்தால் உள்ள மண்ணையும் அடித்துக்கொண்டு கீழ்ப்பெஞ்சுக்குப் போகும். விளிம்பில் பெரிய கற்களை வரிசையாக வைத்தால் மண் நிற்கும். இதற்கெல்லாம் தேவை ஒரு பொக்லைனும் சில மணி நேர வேலையும். குவாரி ஓடும்போது அந்த இயந்திரம் அங்கேயே நிற்கிறது. மூடியபின் மேற்பெஞ்சுக்கு ஏறும் பாதைகூட இருக்காது.

மேல்மண்: சேமிப்பில் அழியும் சொத்து

சுரங்கத் திட்டங்களில் மேல்மண்ணைத் தனியாகக் குவித்துவைத்துப் பிறகு பயன்படுத்துவோம் என்று ஒரு வரி இருக்கும். குவித்து வைப்பதில் சிக்கல் உண்டு. விதைகளில் பெரும்பகுதி மேலே சில சென்டிமீட்டரில்தான் இருக்கும். குவியலின் அடியில் அவை அழுகும் அல்லது வெளிவர முடியாத ஆழத்தில் முளைத்து மடியும். வேரோடு கூடிவாழும் பூஞ்சைகளும் காலப்போக்கில் குறையும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா காடுகளில் அல்கோவா நிறுவனம் 1963 முதல் பாக்சைட் எடுக்கிறது. அங்கே மேலே உள்ள சுமார் 15 சென்டிமீட்டர் மண்ணைத் தனியாகவும் அதன் கீழுள்ளதைத் தனியாகவும் வழித்து, இயன்றவரை குவிக்காமல், வேலை முடிந்த பக்கத்துக் குழியில் நேராகக் கொண்டுபோய்ப் பரப்பும் முறை உருவானது. மீட்ட நிலத்தில் முளைத்த செடி வகைகளில் பல நாற்றாக நட்டவை அல்ல. மண்ணோடு வந்த விதையில் பிறந்தவை. அங்கே குழிகள் ஆழமற்றவை. ஒன்று முடியும்போது அருகிலேயே இன்னொன்று திறக்கும். மீட்ட காடு மூலக்காட்டுக்கு ஈடாகுமா என்ற கேள்வியும் அங்கே ஓயவில்லை. ஆனாலும் ஓர் உண்மை எல்லா இடத்துக்கும் பொருந்தும்: புதிதாகத் திறக்கும் இடமும் முடிந்த இடமும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் மண்ணை நேராக மாற்ற முடியும். அந்த நிலை நடப்புக் குவாரியில் மட்டுமே வாய்க்கும்.

நம் கற்குன்றுகளில் மேல்மண் சொற்பம். சொற்பம் என்பதாலேயே அதைச் சாலைக்கு மேவு மண்ணாக விற்றுவிடாமல் காப்பது கட்டாயம்.

வெடியாலேயே மலையைச் செதுக்குதல்

இங்கிலாந்தின் டெர்பிஷையர் சுண்ணாம்புக் குவாரிகளில் 1980களில் மான்செஸ்டர் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் ஒரு புதிய வழியைச் சோதித்தார்கள். அப்பகுதியின் இயற்கையான பள்ளத்தாக்குச் சுவர்கள் ஒரே மட்டமாக இருப்பதில்லை. துருத்தி நிற்கும் பாறை, உள்வாங்கிய முகம், அதன் கீழே சரிந்து கிடக்கும் உடைகல் மேடு என்று மாறி மாறி வரும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தாவரங்கள். குவாரியின் இறுதி முகத்தில் துளைகளின் இடைவெளியையும் மருந்தின் அளவையும் இடத்துக்கு இடம் மாற்றிக் கடைசி வெடியை வைத்து, அதே அமைப்பை உருவாக்க முயன்றார்கள். சில இடங்களில் கல் சரிந்து மேடாகும். சில இடங்களில் முகம் அப்படியே நிற்கும். சரிந்த மேட்டில் மண்ணும் உள்ளூர்ப் புல் விதையும் தூவினார்கள். அரசின் சுற்றுச்சூழல் துறைக்காக நடந்த இந்த ஆய்வின் அறிக்கை 1992இல் வெளிவந்தது.

எந்த மரம் என்பதைவிட எந்த நிலவடிவம் என்று முதலில் கேட்டதுதான் இந்த ஆய்வின் பங்களிப்பு. அதற்கும் துளைக் கருவி, உரிமம் பெற்ற வெடிப்பாளர், வெடிமருந்து எல்லாம் அங்கே இருக்கும் காலத்தில்தான் வழியுண்டு. நம் கருங்கல் வேறு வகைப் பாறை. மேலே வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே ஆள்கள் இருப்பார்கள். ஆகவே இதை அப்படியே எடுத்தாள முடியாது. இறுதி முகத்தை எப்படி விட்டுப்போவது என்பதும் வெடிப்புத் திட்டத்தின் பகுதியே என்ற கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பச்சை எல்லாம் மீட்பு அன்று

சகஸ்ரதாராவில் பயன்பட்ட நெய்வேலிக் காட்டாமணக்கு தமிழகத்து ஏரி, வாய்க்கால்களில் ஒழிக்க முடியாத களை. அங்கே நட்ட சூபாபுல் மரமும் பல நாடுகளில் கட்டுக்கடங்காமல் பரவியிருக்கிறது. கசடு ஓடுவதை அவசரமாக நிறுத்த வேண்டிய இடத்தில் அவற்றை நட்டதற்கு நியாயம் இருக்கலாம். கையில் பத்தாண்டு அவகாசமுள்ள நடப்புக் குவாரிக்கு அந்த அவசரம் கிடையாது. தமிழ்நாட்டில் கைவிட்ட குவாரியைச் சும்மா விட்டால் சீமைக்கருவேலம் தானாக வந்து சேரும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான்.

பாறைக்குன்றுக்கு உரிய தாவரங்கள் பக்கத்திலேயே, வெட்டப்படாத சரிவில் நிற்கின்றன: விராலி, ஆவாரை, உசிலை, வெள்வேல், வெட்பாலை, கிளுவை, சுக்குநாறிப்புல். புல்லும் புதரும் முதலில். மரம் அதற்குப் பின்னால். செங்குத்து முகத்தின் விரிசல்களில் கல்லால மர இனங்களைப் பறவைகளே விதைத்துவிடும். பறவை வந்து உட்கார மேலே சில மரங்கள் மிச்சமிருக்க வேண்டும். ஆகவே வெட்டாத சரிவில் ஒரு பகுதியை விதைக் களஞ்சியமாகத் தொடாமல் விடுவதும் திட்டத்தில் சேர வேண்டும். கிரஷர் தூசி இலைகளில் படிந்தால் இளஞ்செடி தேறாது. காற்று எந்தத் திசையில் வீசும் என்று பார்த்துக் கிரஷரை நிறுத்துவதும் மீட்புப் பணிதான்.

சட்டமும் களமும்

சட்டத்தில் குறை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. பெருங்கனிமச் சுரங்கங்களுக்குப் படிப்படியான மூடல் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் 2003இலேயே கட்டாயமாயின. கட்டுமானக் கல் சிறுகனிமம் என்பதால் அது மாநில விதிகளின் கீழ் வருகிறது. இங்கே 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணைக்குப் பின் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவையானது. 2020 ஜனவரி 8இல் அதே நீதிமன்றம், தோண்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

களத்தில் இடிப்பது குத்தகையின் காலம். கல்குவாரிக் குத்தகை பொதுவாக ஐந்து அல்லது பத்து ஆண்டு. ஒரு குன்றை மேலிருந்து கீழே முறையாக வெட்டி முடிக்க அதைவிட நீண்ட காலம் ஆகும். அதனால் ஒவ்வொரு குத்தகைதாரரும் கைக்கு எட்டும் கல்லை எடுத்துவிட்டுப் போகிறார். இறுதிப் பெஞ்ச் யாருடைய பொறுப்பிலும் வருவதில்லை. அடுத்தடுத்த சர்வே எண்களில் தனித்தனிக் குவாரிகள் இருந்தால், இடையில் விடும் 7.5 மீட்டர் பாதுகாப்புப் பட்டை இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டப்பட்ட ஒரு சுவராக நிற்கும். அதன்மேல் நட்ட கன்றுதான் ஆவணத்தில் பசுமை வளையம். ஒரு குன்று முழுவதற்கும் ஒரே இறுதி வரைபடம் வகுத்து, குத்தகை கைமாறினாலும் வரைபடம் மாறாதபடி செய்வதுதான் இதற்குத் தீர்வு. ஒவ்வொரு பெஞ்சும் சரிவர முடிந்ததைச் சரிபார்த்த பிறகே அடுத்ததற்கு வெடி அனுமதி தர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் வெட்டிய மலை திரும்ப வராது. திரும்பக்கூடியது மண்ணும் நீரோட்டமும் ஓரளவு தாவரமும் மட்டுமே. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் போல, சுனைகளும் தொல்லெச்சங்களும் அரிய பறவைகளும் சேர்ந்த குன்றுகளை வெட்டாமல் விடுவதே சரி. 2022இல் அங்கே ஏறத்தாழ 193 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் அதனால்தான். பிறகு மீட்டுத்தருவோம் என்ற வாக்குறுதி, வெட்டக்கூடாத மலையை வெட்டுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது.

உங்கள் ஊர்க் குன்றுக்குக் குவாரி வருகிறது என்றால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எத்தனை கன்று நடுவீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். வெட்டு உச்சியில் தொடங்குமா, அடிவாரத்திலா? மேல்மண் எந்த மாதம் எந்த இடத்துக்குப் போகும்? கசடு எங்கே தங்கும்? மழைநீர் எந்த ஓடையில் இறங்கும்? முதல் பெஞ்ச் எந்த ஆண்டு முடிந்து நடவுக்கு வரும்? இந்த ஐந்துக்கும் வரைபடத்திலேயே விடை காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத திட்டத்தை மாவட்ட நிர்வாகம் திருப்பி அனுப்ப வேண்டும்.